மண்ணெண்ணெய் குடித்த கார்களின் கணக்கு

முகப்புத்தகத்தில் மாசத்துக்கு ஒருக்காவாவது அந்தப் படம் வரும். ஏதோவொரு ஒழுங்கைக்குள், கிடுகு வேலிக்குப் பக்கத்தில், ஒரு ஒஸ்ரின் ஏ40. கீழே "பெற்றோல் இல்லாத காலத்திலும் மண்ணெண்ணெயில் ஓடிய எங்கட சிங்கம்" எண்ட மாதிரி ஒரு வரி. நாங்களும் இதயம் போட்டுப் பகிர்ந்திருக்கிறோம். சும்மா சொல்லக்கூடாது, படம் வடிவாத்தான் இருக்கும்.

போன விடுமுறையில் கலைப்பீடத்துக் கூட்டாளிகள் நாங்கள் நாலு பேர் பருத்தித்துறை தும்பளைக்குப் போனோம். எங்களில் ஒருத்தியின் அம்மப்பா வீட்டுக் கொட்டிலுக்குள் ஒரு ஏ40 நிற்கிறது. 'சோமசெற்' மொடல். கொழும்பில் இருந்து ஒருவர் வாங்கக் கேட்டிருக்கிறார். விற்கிறதா விடுகிறதா எண்டு வீட்டில் இழுபறி. விற்க முதல் நாலு படம் எடுத்து வைப்பம் எண்டுதான் போனோம். ஆனால் வரலாறு படிக்கிறம் எண்டு சொல்லிக்கொண்டு திரிகிற பிள்ளையள் தானே, வாய் சும்மா இருக்கவில்லை. "அம்மப்பா, அந்த நேரம் இந்தக் காரை வைச்சிருக்க எவ்வளவு முடிஞ்சுது?" எண்டு ஒருவன் கேட்டான்.

அவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். "எல்லாரும் ஓடினதைத்தான் கேப்பினம். முடிஞ்சதை ஒருத்தரும் கேக்கேல்லை" எண்டார்.

அந்த முடிஞ்சதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விசயம். இந்தக் கார்கள் எங்கட ஊருக்கு வந்தபோது வீரக் கார்கள் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரித்தானியாவுக்கு ஏற்றுமதிக் காசு தேவைப்பட்டது. ஒஸ்ரின் ஏ40 டெவொன் 1947 இல் வந்தது, மொறிஸ் மைனர் 1948 இல். டெவொனுக்குப் பிறகு 1952 முதல் 1954 வரை சோமசெற். பெரிய காரெல்லாம் இல்லை: 1200 சீசீ எஞ்சின், ஏறக்குறைய 40 குதிரைவலு, அந்த 40 தான் பெயரிலும். டொக்டர்மார், அப்புக்காத்துமார், மலாயாவில் உழைத்துப் பென்சனோடு திரும்பினவர்கள் முதலில் வாங்கினார்கள். அவர்களிடமிருந்து வாத்திமாருக்குப் போனது, வாத்திமாரிடமிருந்து ஹயர் ஓடுகிறவர்களுக்கு. அம்மப்பா வாங்கினது 1974 இல், மூன்றாம் கையாக, ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியரிடம். அப்பவே அது இருபது வருசப் பழசு.

காரின் இலக்கத் தகட்டைப் பார்த்தாலே அதின் வயசு தெரியும். 1957 க்கு முந்தினதுகளில் ஆங்கில எழுத்து இருக்கும். 1957 ஜனவரியில் இருந்து பதிவான வாகனங்களில் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. 1958 இல், புதுசாகத் தொடங்கிய இலங்கைப் போக்குவரத்துச் சபையின் ஸ்ரீ பஸ்கள் வடக்குக்கு வந்தபோது அந்த எழுத்துக்குத் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் விழுந்தது. அந்த வருசக் கலவரத்தை இங்கே விரித்து எழுத இடமில்லை. ஆனால் ஒரு காரின் முன்பக்கத்தில் இருக்கிற ஒரு எழுத்துக்கூட எங்கட அரசியலுக்கு வெளியில் இருந்ததில்லை எண்டதை மட்டும் குறித்துக்கொள்ளுவம்.

அப்ப ஏன் இருபது வருசப் பழசை ஒருவர் 1974 இல் வாங்கினார்? புதுசு வாங்க வழி இருக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி முட்டுப்பட, அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. சாதாரண சனத்துக்குப் புதுக் கார் கனவாப் போச்சு. இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் இல்லை, முழு இலங்கைக்கும். கியூபாவிலும் இதேதான்; 1960 க்குப் பிறகு அமெரிக்கத் தடை வந்ததால் ஹவானாவில் ஐம்பதுகளின் செவ்ரலே இன்னும் ஓடுகிறது. இந்தியாவில் வேறு மாதிரி: மொறிஸ் ஒக்ஸ்பேட்டை எடுத்து 'அம்பாசடர்' எண்டு 1950களின் கடைசியில் செய்யத் தொடங்கி, வெளிநாட்டுக் காருக்குக் கதவைச் சாத்தி, 2014 வரைக்கும் அதையே செய்தார்கள். "பழைய இரும்பு பழைய இரும்புதான், அந்தக் காலத்துச் சாமான்" எண்டு எங்கட பெரியாக்கள் சொல்லுவினம். இரும்பு கனமானதுதான், மறுக்கேல்லை. ஆனால் இந்த மூண்டு இடத்திலும் கார் கிழவனாகும் வரை ஓடினது, கதவு பூட்டிக் கிடந்ததால்.

1977 இல் தெற்கில் கதவு திறந்தது. யப்பான் கார்கள் வந்தன, யாழ்ப்பாணத்துக்கும்தான் வந்தன. இன்னும் பத்து வருசம் அப்படியே போயிருந்தால் ஏ40 எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். 1990 யூனில் போர் திரும்பத் தொடங்க, எங்களுக்கு மட்டும் கதவு மறுபடி பூட்டப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம், சீமெந்து எண்டு தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து வந்தது, கொழும்பு விலையைவிடப் பல மடங்கில். வீட்டு விளக்கு, அடுப்பு, தோட்டத்து வோட்டர் பம்ப் எல்லாத்துக்கும் அதுதான்.

இப்ப எஞ்சினுக்குள் போவம். இந்த இடத்தில் அம்மப்பாவும், நெல்லியடியில் கராஜ் வைத்திருந்த அவருடைய கூட்டாளி ஐயா ஒருவரும் எங்களுக்கு இரண்டு பின்னேரம் வகுப்பு எடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில்கூட நாங்கள் இவ்வளவு குறிப்பு எழுதினதில்லை.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல லேசில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினுக்குள் அதை விட்டால் ஈரமாகவே நிற்கும், பற்றாது. அதனால் முதலில் பெற்றோல். காபிரேற்றருக்குள் கொஞ்சப் பெற்றோல் விட்டு, கைப்பிடி போட்டுச் சுற்றி, எஞ்சின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேணும். நிற்பாட்ட முதலும் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி ஒரு நிமிசம் ஓடவிட்டால், அடுத்த முறை ஸ்டாட் எடுக்கச் சுகம். மறந்துபோனால் காபிரேற்றரைக் கழட்டித்தான் ஆகவேணும். இது யாழ்ப்பாணத்தான் கண்டுபிடித்த வித்தை எண்டுதான் நாங்களும் நினைத்திருந்தோம். இல்லை. பிரித்தானியாவில் 1940களிலேயே பெர்குசன் மாதிரி டிராக்டர்கள், மண்ணெண்ணெய்க்குச் சொந்தக்கார எண்ணெய் ஒன்றில் இதே முறையில்தான் ஓடின: பெற்றோலில் ஸ்டாட், சூடான பிறகு மாற்று. ஆனால் அந்த எஞ்சின்கள் அதுக்கெண்டே செய்தவை. எங்கட ஆக்கள் அதுக்குச் செய்யாத எஞ்சினை அதுக்குப் பழக்கினார்கள்.

ஏ40 ஏன் பழகினது, யப்பான் கார் ஏன் பழகவில்லை? ஏ40 இன் எஞ்சின் காற்றையும் எண்ணெயையும் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக அமுக்குகிறது. எண்பதுகளின் யப்பான் எஞ்சின்கள் ஒன்பதில் ஒரு பங்குக்குக் கிட்ட. கூட அமுக்கினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முதலே பற்றி உள்ளுக்குள் 'டங் டங்' எண்டு அடிக்கும். பழைய எஞ்சினில் அடி குறைவு. மற்றது, ஏ40 இல் எண்ணெய் போகிற குழாயும் புகை வருகிற குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒட்டினபடி இருக்கிறது. புகைக் குழாயின் சூடு மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவும். கடைசியாக, முன்னுக்குக் கைப்பிடி போடுகிற ஓட்டை இருக்கிறது. பற்றரி அரை உயிரோடு கிடந்தாலும், பிளக்கில் ஒரு பொறி விழுகிற அளவுக்குக் கரண்ட் இருந்தால் கையால் சுற்றி எழுப்பலாம். பற்றரி தடைசெய்யப்பட்ட ஊரில் இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு யோசித்துப் பாருங்கோ.

சரி, ஓடினது. இனிக் கணக்கு.

முதல் செலவு பிளக். மண்ணெண்ணெய் முழுசாக எரியாது, கரி பிடிக்கும். பெற்றோலில் ஓடேக்க ஆயிரக்கணக்கான மைல் கழட்டாமல் இருந்த பிளக்கை, மண்ணெண்ணெய்க்கு வந்த பிறகு இரண்டு நாளைக்கு ஒருக்காக் கழட்டி, கம்பித் தூரிகையால் உரஞ்சி, நெருப்பில் சுட்டுப் போடவேணும் எண்டார் அம்மப்பா. புதுப் பிளக் கிடையாது. உரஞ்சி உரஞ்சி நுனி தேய்ந்துபோகும்.

அடுத்தது எஞ்சின் ஒயில். இது எங்களுக்குப் புதுக் கதை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரால் வழிந்து கீழே ஒயிலோடு கலக்கும். பழைய கார் எண்டால் ஒயில் குறையும் எண்டுதானே நினைப்பம்? இங்கே அளவு கம்பியில் ஒயில் கூடும். "ஒயில் கூடுதெண்டு சந்தோசப்பட்ட விசரன்களும் இருந்தவங்கள்" எண்டார் கராஜ் ஐயா. தண்ணிப்பட்ட ஒயில் பெயரிங்கைத் தின்னும். சுவரில் ஒயில் படலம் இல்லாதபடியால் பிஸ்டன் ரிங் தேயும், ரிங் தேய இன்னும் மண்ணெண்ணெய் கீழே வழியும். ஒயிலை அடிக்கடி மாற்றினால் தப்பலாம். ஒயிலும் தடைப்பட்டியலில்.

பிறகு வால்வு. 'டங் டங்' அடியைக் குறைக்கப் பொறி விழுகிற நேரத்தைக் கொஞ்சம் பிந்தி வைப்பார்கள். பிந்தினால் அடி குறையும், புகைக் குழாய்ப் பக்கம் சூடு கூடும், வால்வு கருகும். ஒரு வருத்தத்துக்கு மருந்து குடிக்க இன்னொரு வருத்தம் வருகிற மாதிரி. ஹெட்டைக் கழட்டிக் கரி சுரண்டி வால்வு தேய்க்கிறது அந்தக் காலத்தில் கராஜ்காரருக்குப் பல் மினுக்குகிற மாதிரி வேலை. சிலிண்டர் தேய்ந்துபோனால் கடைந்து பெரிசாக்கிப் பெரிய பிஸ்டன் போடவேணும். கடைய லேத் வேணும், லேத்துக்குக் கரண்ட் வேணும், கரண்ட் இல்லாத ஊரில் ஜெனரேற்றர் வேணும், ஜெனரேற்றருக்கு எண்ணெய் வேணும். சுத்திச் சுத்திச் சுப்பற்ர கொல்லைக்குள்ளதான்.

1991 கடைசியில் இந்தக் காரின் எஞ்சினை இறக்கிச் செய்தபோது அம்மம்மாவின் ஒரு சோடிக் காப்பு போனது. அதை அம்மப்பா சொல்லவில்லை. குசினிக்குள் இருந்து அம்மம்மா சொன்னா. "கார் ஓடினதெண்டு படம் போடுறியள், என்ர காப்பையும் போடுங்கோ" எண்டா. போட்டாச்சு, அம்மம்மா.

ரயர், பிரேக் கதைகளைச் சுருக்கிவிடுகிறோம். கிழிந்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வைத்து ஓடினது எல்லாருக்கும் தெரிந்த கதை. உப்புக் காற்றை மட்டும் சொல்லாமல் விடேலாது. பருத்தித்துறையில் கடல் வீட்டு வாசலில் நிற்கிறது. வல்லை வெளியால் யாழ்ப்பாணம் போனால் அங்கேயும் உப்புவெளிக் காற்று. இரும்பு உளுத்த மரம் மாதிரிப் போகும். சோமசெற்றுக்குக் கீழே தனிச் சட்டம் இருப்பதால் பொடி உக்கினாலும் கார் நிற்கும். மொறிஸ் மைனருக்குத் தனிச் சட்டம் இல்லை, பொடியே எலும்பு. கதவுக்குக் கீழ்ப்பக்கம் உக்கினால் நாரி முறிந்த மாதிரி. மைனரின் முன்சில்லுச் சுழலுகிற இடத்துக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காட்டில் மரை தேய்ந்து சில்லு ஒருபக்கமாக மடிந்து விழும். இது உலகம் முழுக்க மைனர்காரருக்குத் தெரிந்த வருத்தம். கிறீஸ் இல்லாத ஊரில் மைனர் வைத்திருந்தவர்களின் பாடு எப்பிடி இருந்திருக்கும் எண்டு நீங்களே யோசியுங்கோ.

இதுவரைக்கும் காசுக் கணக்கு. மற்றக் கணக்கை அம்மப்பா இரண்டாம் நாள் பின்னேரம்தான் சொன்னார்.

1992, மாரி காலம். இரவு பதினொரு மணிபோல நாலு வீடு தள்ளி ஒருவருக்கு நெஞ்சு நோ. ஓடி வந்து கூப்பிட்டார்கள். மந்திகை ஆசுப்பத்திரி சில கிலோமீற்றர்தான், நல்ல நேரமெண்டால் பத்து நிமிச ஓட்டம். பகல் முழுக்க ஹயர் ஓடிக் களைத்து, நிற்பாட்டேக்க பெற்றோலுக்கு மாற்றாமல் விட்டிருந்தார். போத்தலில் இருந்த கடைசிப் பெற்றோலை விட்டுச் சுற்றினார். எழும்பவில்லை. பிளக் நாலும் நனைந்து கரியோடு கிடந்தது. கைவிளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் கழட்டித் துடைத்துப் போட்டுத் திரும்பச் சுற்ற, கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டில் அடித்தது. அதுக்குள் அவர்கள் காத்திருக்கேலாமல் ஆளைக் கைவண்டிலில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கார் பிறகு எழும்பினதுதான். வழியில் அவர்களைப் பிடித்தபோது வண்டிலைத் தள்ளாமல் ரோட்டுக் கரையில் நிற்பாட்டி வைத்திருந்தார்களாம்.

"கார் எழும்பியிருந்தாலும் ஆள் தப்பியிருக்குமோ தெரியாது" எண்டார். "அதுகள் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அதுதான் எனக்கு."

அந்தப் படங்களுக்குக் கீழே வருகிற வரிகளில் எழும்பாத இரவுகள் இல்லை. 'தடையை வென்ற கார்' எண்டு நாங்கள் எழுதுகிறபோது, தடை ஏதோ விளையாட்டுப் போட்டியில் தோற்ற அணி மாதிரி ஆகிவிடுகிறது. பெற்றோலைத் தடைசெய்தவர்களுக்கும் அந்த வசனம் வசதிதான்: பாருங்கோ, சனம் எப்படியோ சமாளித்தது. சமாளித்தது சரி. ஆனால் எஞ்சினும் காப்பும் மணிக்கட்டும் ரோட்டுக் கரையில் நின்ற வண்டிலும்தான் அந்தச் சமாளிப்பின் விலை. வித்தையைப் பாடுகிற நாங்கள், வித்தை தேவைப்பட்ட காரணத்தையும் சேர்த்து எழுதாட்டில் பாதி வரலாறுதான்.

அதுக்காக வித்தையைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை. ஐந்து வருசமாக வடமராட்சியில் பிரசவத்துக்கும், பாம்பு கடிக்கும், கலியாணத்துக்கும் பிடித்த கார்கள் இவைதான். ஓடுகிற ஒவ்வொரு காருக்கும் பின்னால் இரும்பை உரஞ்சி உரஞ்சி உதிரிப்பாகம் செய்த ஒருத்தர் இருந்தார். கராஜ் ஐயாவிடம் அங்குல அளவு ஸ்பனர்ப் பெட்டி ஒன்று இன்னும் இருக்கிறது. இப்பத்தைய மில்லிமீற்றர்க் கார்களுக்கு ஒன்றுக்கும் உதவாது, ஆனால் அவர் அதை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டார்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது சனத்தில் ஒரு பகுதி வடமராட்சிக்கும் வந்தது. நடந்தும் சைக்கிளிலும்தான் கூடுதலான பேர் வந்தார்கள். சனத்துக்குள் நடை வேகத்தில் ஊர்ந்தால் காற்று வாங்காமல் ரேடியேற்றர் கொதிக்கும், மண்ணெண்ணெயில் இன்னும் கெதியாகக் கொதிக்கும். அந்தக் கிழமை அம்மப்பா தண்ணிக் கானோடு ஓடினாராம். 1996 ஏப்ரல், மே மாதங்களில் இராணுவம் தென்மராட்சி, வடமராட்சிக்குள் வந்தது. அதுக்குப் பிறகும் பாதை இல்லை, எல்லாம் கப்பல்தான். 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தபோதுதான் புது வான்களும் ஓட்டோக்களும் நிரம்பி வந்தன. ஏ40க்கு ஹயர் நின்றது. 2006 ஓகஸ்டில் பாதை திரும்பப் பூட்டினபோது கொஞ்ச நாள் அதைத் தூசி தட்டினார்கள், அவ்வளவுதான்.

2022 ஐ நாங்களே கண்டோம். யூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, யூலையில் கியூஆர் கோட், காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். வரிசையில் நிற்கேக்க எங்கட வயசுப் பொடியள் "பேசாம அந்தக் காலம் மாதிரி மண்ணெண்ணெய் விடுவம்" எண்டு பகிடி விட்டார்கள். இப்பத்தைய எஞ்சினில் காபிரேற்றரே இல்லை, கொம்பியூட்டர் அளந்து ஊசியால் அடிக்கிறது. மண்ணெண்ணெய் விட்டால் மெக்கானிக்குக் காணி எழுதிக் குடுக்கவேண்டி வரும். அதோடு 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயையும் 87 ரூபாவில் இருந்து 340 ஆக்கினார்கள். எங்கட மீன்பிடிப் படகுகள் அதில்தான் ஓடுகிறது எண்டதால் முனைப் பக்கத்தில் அந்த அடி கனக்க நாள் நொந்தது.

இனிக் கொட்டிலுக்குள் நிற்கிற காருக்கு வருவம். அதைத் திரும்ப ரோட்டில் விட என்ன முடியும் எண்டும் கணக்குப் பார்த்தோம். அம்பாசடரின் 1489 சீசீ எஞ்சின் ஒஸ்ரின் கேம்பிறிஜ் ஏ55 க்கும் உறவு; கேம்பிறிஜ் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தியச் சாமான் உதவும். ஏ40 இன் 1200 எஞ்சின் வேற குடும்பம், அந்தச் சலுகை இல்லை. இங்கிலாந்தில் வாங்கலாம், லண்டனில் இருந்து வருகிற மாமாவின் பெட்டிக்குள் இடம் இருந்தால். அதோடு புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருசாவருசம் வரி, தகரம் வெட்டி ஒட்டுகிற கூலி. எல்லாம் கூட்டினால் நல்லதொரு பழைய மாருதி வாங்கலாம். 2025 தொடக்கம் வரை இருந்த இறக்குமதித் தடையால் மாருதி விலையும் ஏறிக் கிடந்ததால் இந்த ஒப்பீடும் அவ்வளவு சுத்தம் இல்லை. எங்கட கூட்டாளியின் மாமா விற்கச் சொல்லுகிறார், அம்மா வேண்டாம் எண்டுறா. அம்மப்பா ஒன்றும் சொல்லுகிறாரில்லை.

நாங்கள் வெளிக்கிட முதல் கூட்டாளி உள்ளே போய் ஒரு பிஸ்கற் ரின்னை எடுத்து வந்து காட்டினாள். 1992 க்குப் பிறகு அம்மப்பா தலைமாட்டில் வைத்துப் படுத்த ரின். உள்ளே துணியில் சுற்றின நாலு பிளக், சுரண்டித் துப்புரவாக்கினபடி. ஒரு சின்ன மருந்துப் போத்தல், அதில்தான் பெற்றோல் வைத்திருப்பாராம். 1993 இல் அவளின் பெரியம்மாவைப் பிரசவத்துக்கு மந்திகைக்குக் கொண்டுபோன இரவு இந்தப் பிளக்கைப் போட்டுத்தான் ஸ்டாட் எடுத்தது. மூன்றாம் சுற்றில் எழும்பினதாம். கொழும்பு ஆள் காரோடு வந்த சாமான் எல்லாத்தையும் பட்டியல் போட்டுக் கேட்டிருக்கிறார்: சில்லு மூடி, ஸ்டியறிங், பழைய புத்தகம், கைப்பிடி. கைப்பிடியைக் குடுக்கலாம் எண்டார் அம்மப்பா. பிறகு ரின்னை வாங்கித் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.